50,000 டாங் கிண்ணம்: வியட்நாமின் தெருமுனை உணவுக்கடை எப்படி இயங்குகிறது, 2025இல் ஏன் தடுமாறியது?

2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஹனோயிலும் ஹோ சி மின் நகரத்திலும் சில சின்ன உணவுக்கடைகளின் சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஏறியது: ரொக்கம் மட்டும், வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். தள்ளுவண்டிக்காரர்கூட க்யூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கும் நாடு அது. சில கடைகள் ஷட்டரையே இறக்கிவிட்டன. வரிதான் காரணம் என்று செய்திகள் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தன.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டிலிருந்து அங்கே போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு கடையில் ஏன் ஒரே ஒரு பண்டம்தான் கிடைக்கிறது? காலை பத்து மணிக்கே ஏன் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுகிறார்கள்? சாப்பாட்டோடு எதற்கு ஒரு தட்டு நிறைய பச்சிலை?

இந்தக் கேள்விகளையும் அந்த அறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாம் கடை என்று நினைப்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வீட்டு முன்னறை. அதன் ருசி, விலை, நேரம் எல்லாம் அந்த வீட்டின் உழைப்பிலிருந்து வருகின்றன. அரசு இப்போது கேட்பது அந்த உழைப்பின் எழுத்துக் கணக்கை.

## என்னென்ன வகைக் கடைகள்

வியட்நாம் நகரங்களின் பழைய தெருக்களில் வீடுகள் முகப்பில் ஒடுங்கி, உள்ளே நீண்டு போகும். தரைத்தளத்தின் முன்பகுதியில் அடுப்பு, அதற்கு வெளியே நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள், மேல்மாடியில் குடும்பம். இந்த அமைப்பில் நான்கு வகைகளை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

1. ஒற்றைப் பண்டக் கடை. பெயர்ப்பலகையில் பண்டத்தின் பெயரே பெரிதாக இருக்கும்: ஃபோ, புன் சா, கொம் தாம். ஃபோ என்பது எலும்புச் சாற்றில் தட்டையான அரிசி நூடுல்ஸ். புன் சா ஹனோயின் மதிய உணவு: கரியடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி, புளிப்பும் இனிப்புமான மீன்சாறு (உப்பில் ஊறிய மீனிலிருந்து வடிப்பது; கீழே தனியாக வருகிறது), கூடவே புன் என்ற மெல்லிய அரிசி இழை. மாவை அச்சில் பிழிந்து கொதிநீரில் வேகவைக்கும் புன், நம் அரிசிச் சேவைக்கு மிக நெருக்கமானது. கொம் தாம் சைகோனின், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தின், உணவு. ஆலையில் உடைந்து விழும் நொய்யரிசிச் சோறு, மேலே சுட்ட பன்றித் துண்டு.
2. கொம் பின் யான், அதாவது சாமானியர் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து தட்டுகளில் கறி, மீன், முட்டை, கீரை இருக்கும். விரலால் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள்; ஒரு கிண்ணம் தெளிந்த சூப்பும் வரும்.
3. சாய் கடை. பௌத்த மரபில் வந்த சைவ உணவுக்கடை. இதைப் பற்றிக் கீழே தனியாக.
4. குவான் நியாவ். மாலையில் பீருக்காகக் கூடும் இடம். இங்கே மட்டும் பட்டியல் நீளும். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

## ஒரு பானைதான் முதலீடு

ஒற்றைப் பண்டக் கடையின் எல்லாப் பழக்கங்களுக்கும் ஃபோவின் சாற்றுப் பானையே விளக்கம். மாட்டெலும்பை முதலில் கொதிநீரில் போட்டெடுத்து, அழுக்கு நீங்கக் கழுவுகிறார்கள். பிறகு சிறு தீயில் 8 முதல் 12 மணி நேரம். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் நேரடியாகக் கருக்கிச் சேர்க்கிறார்கள். வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கருப்பு ஏலக்காய், மல்லிவிதை எல்லாம் துணியில் கட்டி உள்ளே போகும். உப்புக்கு மீன்சாறு, சமன் செய்யக் கொஞ்சம் கற்கண்டு. பொங்கவிட்டால் சாறு கலங்கிவிடும். கலங்கினால் வாடிக்கையாளர் கண்டுகொள்வார். ஆகவே இரவெல்லாம் யாராவது ஒருவர் அந்தத் தீயைக் கவனித்தாக வேண்டும்.

அன்னாசிப்பூ சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மாநிலத்தில் விளைகிறது. இந்தியா வாங்கும் அன்னாசிப்பூவில் பெரும்பங்கு வியட்நாமிலிருந்துதான் வருகிறது. திண்டுக்கல்லிலோ ஆம்பூரிலோ பிரியாணிப் பானையில் விழும் பூவும் ஹனோயின் ஃபோ பானையில் விழும் பூவும் ஒரே மலைச்சரிவில் பறித்தவையாக இருக்கலாம்.

இனி கடையின் கணக்கு:

1. சாறு ஒரே நாளுக்கு உரியது. பானை காலியானால் மறுபடி காய்ச்ச ஓர் இரவு வேண்டும். அதனால்தான் கடை காலையிலேயே மூடுகிறது. விற்றுத் தீர்ந்ததே காரணம், சோம்பல் இல்லை.
2. இன்னொரு பண்டம் சேர்த்தால் இன்னொரு பானை, இன்னொரு ஆள், இன்னொரு அடுப்பு. வீட்டு முன்னறையில் அதற்கு இடமில்லை.
3. ஒரே பண்டம் என்பதால் பெரும்பாலான வேலை விடியும்முன்பே முடிந்துவிடும். ஆள் உட்கார்ந்த பிறகு நூடுல்ஸைக் கொதிநீரில் முக்கி, இறைச்சியை அடுக்கி, சாற்றை ஊற்றுவதுதான் பாக்கி. இரண்டு நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். முக்காலிகள் வேகமாகக் காலியாகின்றன. சின்ன இடத்தில் நிறையப் பேர் சாப்பிட முடிகிறது.
4. பல கடைகளில் வாடகை இல்லை, குடும்பத்தாருக்குச் சம்பளம் இல்லை, நடைபாதைக்கும் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கிண்ணத்தின் விலை 40,000 முதல் 70,000 டாங் என்ற அளவில் நிற்பதற்கு இந்த மூன்று இன்மைகளே காரணம். நம் பணத்தில் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொண்டால் 50,000 டாங் என்பது ஏறத்தாழ 170 ரூபாய்.

நான்காவது காரணத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மலிவு இயற்கையானது இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழும் ஒரு அம்மாவின் கூலி அதில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நடைபாதையும் நிலையான சொத்து அல்ல. 2017இல் ஹோ சி மின் நகரத்தின் அப்போதைய 1ஆம் மாவட்டத்தில் நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்றும் பெரிய நடவடிக்கை நடந்தபோது, கடைகளின் நடைபாதை முக்காலிகளும் போயின.

2023 ஜூனில் மிஷலான் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு உணவக வழிகாட்டி முதன்முறையாக ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் வெளிவந்தபோது, நல்ல உணவு நியாயமான விலையில் என்ற பிரிவில் பல ஃபோ கடைகள் இடம்பெற்றன. வரிசை நீண்டது. பானை அதே அளவுதான்.

## மேசைமேல் பாதிச் சமையல்

சமையலறையிலிருந்து வரும் கிண்ணம் தெற்கு வியட்நாமில் முழுமையானதாகக் கருதப்படுவதில்லை. துளசி வகை இலைகள், நீண்ட பல்விளிம்புள்ள மல்லி, முளைப்பயறு, எலுமிச்சை, வட்டமாக நறுக்கிய மிளகாய், கருப்பு சோயா விழுது, மிளகாய் விழுது எல்லாம் மேசையில் இருக்கும். இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, சூட்டில் அமிழ்த்தி, எலுமிச்சை பிழிந்து, ருசி பார்த்துத் திருத்திக்கொள்வது சாப்பிடுபவரின் வேலை. முதலில் எதுவும் சேர்க்காமல் ஒரு கரண்டி சாற்றைக் குடித்துவிட்டுத் தொடங்குவது சமைத்தவருக்குச் செய்யும் மரியாதை.

ஹனோயில் இந்த இலைத்தட்டை ஃபோவோடு எதிர்பார்க்க வேண்டாம். அங்கே பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் இருக்கும். தோய்த்துச் சாப்பிட குவாய் என்ற பொரித்த மாவுக்குச்சி கிடைக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபோ வடக்கில், ஹனோயும் நாம் டின்னும் சார்ந்த பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் முடிவையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி உருவானது. மாடு அங்கே உழவுக்கானது. அப்போது ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகு எலும்பு மலிவாகக் கிடைத்தது. 1954 ஜெனிவா ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிரித்தபோது, 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். அவர்களோடு ஃபோவும் பரவலாகத் தெற்கே வந்தது. மீகாங் வடிநிலத்தின் கீரையும் இனிப்பும் அதில் கலந்தன. 1975க்குப் பிறகு தெற்கிலிருந்து வெளியேறிய அகதிகள் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் சிட்னியின் கப்ரமாட்டாவுக்கும் பாரிஸின் 13ஆம் வட்டாரத்துக்கும் கொண்டுபோனது இந்தத் தெற்கத்திக் கிண்ணத்தைத்தான். உலகம் ஃபோ என்று அறிந்ததும் அதையே.

வெளிநாட்டில் நாம் பார்க்கும் வியட்நாமியக் கடையில் நூறு பண்டங்களுக்கு எண் போட்ட பட்டியல் இருக்கும். ஃபோ, புன் சா, கொம் தாம் மூன்றும் ஒரே அடுக்களையிலிருந்து வரும். ஹனோயில் அவை மூன்று தெருக்களின் மூன்று குடும்பங்களுடைய வேலை.

## மீன்சாறு என்றால் என்ன

நுவொக் மாம் என்ற மீன்சாறு இல்லாமல் இந்தக் கடைகளில் எதுவும் நடக்காது. நெத்திலி வகை மீனையும் உப்பையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் மரத்தொட்டியில் அடைத்து, ஏறத்தாழ ஓராண்டு ஊறவிட்டு வடிக்கிறார்கள். ஃபான் தியெட்டும் ஃபூ குவோக் தீவும் இதற்குப் பேர்போனவை. ஃபூ குவோக் மீன்சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் புவிசார் பாதுகாப்பு அளித்தது. மேசையில் சின்னக் கிண்ணத்தில் வரும் தொட்டுக்கொள்ளும் சாறு, இதில் தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகாய் கலந்தது.

## அரசும் கிண்ணமும்: முன்பு நடந்தது

இந்த வரலாறு தெரியாமல் 2025இன் பயம் புரியாது. 1954க்குப் பிறகு வடக்கில் தனியார் கடைகள் படிப்படியாக அரசுக் கடைகளாகவும் கூட்டுறவுகளாகவும் மாறின. உணவுப்பொருள்கள் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த கூப்பன் காலம் அது. 1960களில் அரசு ஃபோ கடைகளில் இறைச்சியே இல்லாத கிண்ணம் சாதாரணமானது. ஹனோய் மக்கள் அதற்கு ஓட்டுநர் இல்லாத ஃபோ என்று பெயர் வைத்தார்கள். மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்களிலிருந்து வந்த பெயர் அது. 1978இல் தெற்கிலும் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டது.

1986 டிசம்பரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் குடும்பக் கடைகள் வெளிப்படையாகப் பெருகின. ஹனோயின் பாட் தான் தெருவில் ஒரு புகழ்பெற்ற ஃபோ கடையில் இன்றும் வரிசையில் நின்று, முதலில் பணம் கொடுத்து, கிண்ணத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். கூப்பன் காலத்துப் பழக்கத்தின் மிச்சமாகவே ஹனோய்க்காரர்கள் அதைப் பார்க்கிறார்கள். மற்ற இடங்களில் சாப்பிட்டு முடித்த பிறகே காசு.

அந்தக் கால அனுபவம் பெற்ற தலைமுறைதான் இன்று பல கடைகளில் பானைக்குப் பின்னால் நிற்கிறது.

## 2025இல் மாறியது என்ன

சின்னக் குடும்பத் தொழில்களுக்கு அதுவரை இருந்த முறை தொகுப்பு வரி. ஆண்டுக்கு எவ்வளவு விற்கும் என்று வரி அலுவலகம் ஒரு மதிப்பீடு செய்யும். அதற்கு ஒரு நிலையான தொகை கட்டினால் போதும். பில் இல்லை, பேரேடு இல்லை.

2025 ஜூன் 1 முதல், ஆண்டு விற்பனை 100 கோடி டாங்கும் அதற்கு மேலும் உள்ள குடும்பத் தொழில்கள், உணவுக்கடைகள் உட்பட, வரித்துறையோடு இணைந்த பில் இயந்திரத்திலிருந்து மின்ரசீது தர வேண்டும் என்று 70ஆம் எண் ஆணை சொன்னது. 2026 ஜனவரி 1 முதல் தொகுப்பு வரியே இல்லை.

100 கோடி என்றால் பெரிய முதலாளிகளுக்கானது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. 100 கோடி டாங்கை 365ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 27.4 லட்சம் டாங்.
2. கிண்ணம் 50,000 டாங் என்றால் நாளுக்கு 55 கிண்ணம்.
3. நல்ல பெயருள்ள ஒரு தெருமுனைக் கடை காலை எட்டு மணிக்குள் 55 கிண்ணம் விற்றுவிடும்.
4. இது விற்றுமுதல், லாபம் இல்லை. எலும்பு, இறைச்சி, நூடுல்ஸ், எரிபொருள் எல்லாம் இதிலிருந்துதான்.
5. உணவுக்கடைக்கு அப்போது இருந்த விகிதம் விற்றுமுதலில் 4.5 சதவீதம்: மதிப்புக் கூட்டு வரி 3, வருமான வரி 1.5. ஒரு கிண்ணத்துக்கு 2,250 டாங், நம் காசில் ஏழெட்டு ரூபாய்.

ஏழெட்டு ரூபாய்க்காகவா ஷட்டர் இறங்கியது? தொகை மட்டும் காரணமில்லை. முதலாவது, பல ஆண்டுகளாகத் தொகுப்பு மதிப்பீடு உண்மை விற்பனையைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். வங்கிப் பரிமாற்றங்கள் அதைக் காட்டிக்கொடுத்தால் பழைய ஆண்டுகளுக்கும் வரி கேட்பார்களோ என்ற அச்சம். ரொக்கம் மட்டும் என்ற அறிவிப்பு இங்கிருந்து வந்தது. இரண்டாவது, கொள்முதல். விடியலில் சந்தையில் எலும்பும் இலையும் விற்கும் பெண்மணி ரசீது தரமாட்டார். அதே மே, ஜூன் மாதங்களில் போலிப் பொருள்களுக்கும் ஆவணமில்லாச் சரக்குக்கும் எதிரான சோதனைகள் நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்தன. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்து கலவரத்தைக் கூட்டின. மூன்றாவது, வேலை. கரண்டியும் கையுமாக நிற்கும் அறுபது வயதுக்காரர் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் திரையைத் தட்ட முடியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். குடும்ப உழைப்பில் நின்ற விலைக்கு முதன்முறையாகக் கூலி என்ற ஒன்று உள்ளே வருகிறது.

வரி கேட்பது நியாயம்தான். மாதச் சம்பளக்காரர் தவறாமல் கட்டும்போது பரபரப்பான கடை கட்டாமல் இருக்க முடியாது. கணக்கு இருந்தால் வங்கிக் கடனும் எளிதாகும். ஆனால் வரம்பை விற்றுமுதலில் வைத்ததும், பழகுவதற்குக் குறைந்த அவகாசம் தந்ததும் கடைகளைத் தேவையில்லாமல் மிரட்டின என்பதே என் மதிப்பீடு. பல கிளைகள் கொண்ட நிறுவனக் கடைகளிடம் பில் இயந்திரமும் கணக்காளரும் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்கு இந்த மாற்றம் செலவே இல்லை. ஒற்றைப் பானைக் குடும்பத்துக்கு மட்டுமே இது புதுச் செலவு. அடுத்த தலைமுறை அந்த முன்னறையைக் கைபேசிக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாமே என்று யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

## மேசையில் உட்காருபவருக்கு

1. விலை மெதுவாக ஏறும். 2,250 டாங்கைத் தனியாகக் கூட்ட முடியாது. சின்னக் கடைகள் 5,000 டாங் படிகளில்தான் ஏற்றும்.

2. சைவர்கள் சாய் கடையைத் தேடுங்கள். பலகையில் அந்த ஒரு சொல் இருக்கும். சாதாரணக் கடையில் தோஃபு கேட்டால் சைவம் வரும் என்று நம்ப வேண்டாம். அரைத்த பன்றி இறைச்சி அடைத்த தோஃபு அங்கே மிகச் சாதாரணம். கீரை வதக்கலிலும் மீன்சாறு இருக்கும். சாய் கடையில் மீன்சாற்றுக்குப் பதில் சோயா சாறு. கண்டிப்பான பௌத்த முறையில் வெங்காயம், பூண்டும் கிடையாது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் வியட்நாமியப் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்று இந்தக் கடைகளில் இடம் கிடைப்பது கடினம்.

3. மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்குக் கோழி ஃபோ உண்டு. ஒரே கடை இரண்டும் விற்றால் சாறு தனித்தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோழி மட்டும் விற்கும் கடையே நல்லது. தெற்கில் தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளி சேர்ந்த கோழிக் கறியும் கிடைக்கும். கா ரி கா என்பார்கள். நீண்ட பிரெஞ்சு ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது. இதில் நம் கறியின் சாயல் தெரிந்தால் வியப்பில்லை: பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்த அரசு ஊழியர்களும், நெல் நிலங்களுக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், துணிக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்களும் வாழ்ந்த ஊர் சைகோன். ச்சுவோங் டின் தெருவின் மாரியம்மன் கோயிலில் இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

4. கூப்பிடும் முறை நமக்குப் பழக்கமானதே. பரிமாறுபவர் மூத்த பெண் என்றால் சி ஓய் (அக்கா), மூத்த ஆண் என்றால் ஆன் ஓய் (அண்ணா), இளையவர் என்றால் எம் ஓய். கூப்பிடாமல் அவர்கள் வரமாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் நீங்கள் நிதானமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

5. மேசையில் வைத்திருக்கும் ஈரத்துண்டு உறையைப் பிரித்தால் அதற்குச் சில ஆயிரம் டாங் கணக்கில் சேரும். ஏமாற்று இல்லை, வழக்கம். பலகையில் 50k என்று இருந்தால் 50,000 டாங்.

6. ரொக்கம் வைத்திருங்கள், சில்லறையாக. 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்று கை மாறிப் போவது அடிக்கடி நடக்கிறது. கொடுக்கும் முன் பூஜ்யங்களை எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் அச்சிட்ட ரசீதை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் அது புதிது.